ஒரே படத்துக்கு ஐந்து தீர்ப்பு: ரேட்டிங் எண்களைப் படிக்கும் முறை

வெள்ளிக்கிழமை மதியம் மதுரையில் ஒருவர் புதுப் படத்துக்கு டிக்கெட் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் செயலியில் 10க்கு 8.9 என்று காட்டுகிறது. ரசிகர்கள் ஓட்டுப் போடும் ஐஎம்டிபி தளத்தில் 6.1. விமர்சகர்களின் கருத்தைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 38 விழுக்காடு. தெரு வாட்ஸ்அப் குழுவில் "தாறுமாறு". தியேட்டர் வாசலில் எடுத்த யூடியூப் வீடியோவில் "காசு தண்டம்ணே".

யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்த ஐந்தும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள். கேட்ட கேள்வி எது என்று தெரிந்தால், அந்தப் பதில் நமக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் செய்தி: தடை வந்ததா, இல்லையா?

2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் ரசிகர் பேட்டி எடுக்க விடவேண்டாம் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, படம் வெளியாகி முதல் மூன்று நாள் சமூக ஊடகங்களில் விமர்சனம் வரக்கூடாது என்று கேட்டு ஒரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. அவதூறு வேறு, விமர்சனம் வேறு. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவது என்பது அதன் நிலை.

இந்த இரண்டு செய்தியும் சேர்ந்து "விமர்சனத்துக்குத் தடை" என்று பரவியதால்தான் குழப்பம். இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

1. தியேட்டர் வளாகம் உரிமையாளரின் சொத்து. உள்ளே மைக், கேமரா வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.
2. ரோட்டுக்கு வந்தபின், அல்லது வீட்டில் உட்கார்ந்து, படம் பிடிக்கவில்லை என்று சொல்வதையும் எழுதுவதையும் அந்த வேண்டுகோள் கட்டுப்படுத்தாது.

மூன்று வகைக் கணக்கு

சராசரி எல்லோருக்கும் தெரியும்: மதிப்பெண்களைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுப்பது. ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் விழுக்காடு சராசரி இல்லை. எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்ற கோட்டைத் தாண்டிச் சொன்னார்கள் என்பதை மட்டும் அது எண்ணுகிறது. 60 விழுக்காட்டைத் தொட்டால் நல்ல தக்காளி, குறைந்தால் நசுங்கிய தக்காளி.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை இரண்டு கற்பனைப் படங்களை வைத்துப் பார்க்கலாம். பத்துப் பேர் பார்க்கிறார்கள்.

- முதல் படத்துக்குப் பத்துப் பேரும் 6 கொடுக்கிறார்கள். சராசரி 6. ஆனால் பத்துப் பேருமே "பார்க்கலாம்" என்றதால் விழுக்காடு 100.
- இரண்டாவது படத்துக்கு ஐந்து பேர் 10 கொடுக்கிறார்கள், ஐந்து பேர் 3. சராசரி 6.5. விழுக்காடு 50.

சராசரியில் இரண்டாவது படம் முந்துகிறது. விழுக்காட்டில் முதல் படம் இரட்டிப்பு. கணக்கில் பிழையே இல்லை. முதல் படம் யாரையும் ஏமாற்றாது, யாரையும் உலுக்கவும் செய்யாது. இரண்டாவது படம் சிலருக்கு வருடத்தின் சிறந்த படம், சிலருக்குப் பாதியில் எழுந்து வந்த படம். வீட்டில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு விழுக்காடு உதவும். தனியாகப் போய்ப் பெரிதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவர் சராசரியையும், அதைவிட முக்கியமாக மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். தமிழ்ப் படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ராட்டன் டொமேட்டோஸில் பல தமிழ்ப் படங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு விமர்சனம்கூடச் சேர்வதில்லை. அந்த நிலையில் ஒரே விமர்சகர் மனம் மாறினால் எட்டுப் பத்து விழுக்காடு ஏறும் அல்லது இறங்கும்.

மூன்றாவது வகை எடையிட்ட சராசரி. ஐஎம்டிபி வெளியிடுவது இந்த வகை எண்தான். வெறும் கூட்டல் வகுத்தல் கிடையாது. முழுச் செய்முறையை அது வெளியில் சொல்வதில்லை. ஆனால் இந்த வகைக் கணக்குகளின் அடிப்படை எளிது. ஓட்டு குறைவாக உள்ள படத்தை, எல்லாப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி இழுப்பது. ஒரு தளத்தின் பொதுச் சராசரி 6.5 என்று வைப்போம். ஒவ்வொரு படத்துக்கும் 500 ஓட்டு 6.5ஆக ஏற்கெனவே விழுந்ததுபோல் கணக்குப் போடுவார்கள்.

- படக்குழுவின் சொந்தக்காரர்கள் 12 பேர் சேர்ந்து சராசரியாக 9.4 கொடுத்த படம்: 112.8, அதோடு அந்த 500 ஓட்டின் 3250; மொத்தம் 3362.8. இதை 512ஆல் வகுத்தால் 6.57.
- 5000 பேர் சராசரியாக 8.2 கொடுத்த படம்: 41,000, அதோடு 3250, 5500ஆல் வகுத்தால் 8.05.

பன்னிரண்டு பேரின் உற்சாகம் அடங்கிவிட்டது; ஐயாயிரம் பேரின் கருத்து கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ஓட்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

ஓட்டுப் போட்டது யார், எப்போது?

டிக்கெட் செயலியில் மதிப்பெண் எப்போதும் உயரமாக இருப்பதற்குக் காரணம் எளிது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி காசு கொடுத்து, நேரம் ஒதுக்கி, இந்தப் படத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று வந்தவர்கள். பிடிக்காது என்று நினைத்தவர் டிக்கெட்டே போடவில்லை. படம் வெளிவரும் முன் அந்தச் செயலிகளில் "ஆர்வமாக உள்ளேன்" என்று லட்சக்கணக்கில் காட்டுவது இன்னும் ஒரு படி தள்ளி நிற்பது. டிரெய்லரையும் நடிகரின் பெயரையும் வைத்துப் போட்ட எண்ணுக்கும் படத்தின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை மல்லி விலையையும் மதிய விலையையும் ஒரே விலையாக யாரும் பேசமாட்டார்கள். ரேட்டிங்கும் அப்படித்தான், எந்த நேரத்து எண் என்று கேட்கவேண்டும்.

1. முதல் நாள் முதல் காட்சி: வந்திருப்பவர்கள் ரசிகர் மன்றத்தினர், அவர்களுக்கு எதிர்த் தரப்பு ரசிகர்கள், வீடியோ போடுகிறவர்கள். எண் 10லும் 1லும் குவியும். நடுவில் ஆளே இருக்காது.
2. சனி, ஞாயிறு மாலைக் காட்சிகள்: குடும்பங்கள் வருகின்றன. 5 முதல் 8 வரையிலான மதிப்பெண்கள் நிரம்பும். என் கணிப்பில், தியேட்டருக்குப் போகலாமா என்று முடிவெடுக்க ஞாயிறு இரவு எண்தான் பயன்படும்.
3. பெரும்பாலும் நான்கு வாரம் கழித்து ஓடிடியில் வரும்போது: டிக்கெட் காசு போகவில்லை என்பதால் கோபம் குறைவு, கையில் ரிமோட் இருப்பதால் பொறுமையும் குறைவு. மெதுவாக நகரும் படத்துக்கு இங்கே மதிப்பெண் இறங்கும். பெரிய திரையில் எடுபடாமல் போன, நல்ல வசனமுள்ள சின்னப் படத்துக்கு ஏறும்.

மதுரைக்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு: ஓடிய நாள். இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கை கொண்ட தங்கம் போன்ற ஒற்றைத் திரைத் தியேட்டரில் ஒரு படம் 100 நாள் ஓடியது என்றால், முதல் வாரக் கூட்டம் வடிந்தபின்னும் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள் என்று பொருள். இப்போது எம்.ஆர். ஏரியா என்று வினியோகஸ்தர்கள் சொல்லும் மதுரை, ராமநாதபுரம் வட்டாரம் முழுக்க ஒரே நாளில் பல திரைகளில் படம் இறங்குகிறது. வசூலின் பெரும்பகுதி முதல் மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. ஊர்ப் பேச்சு உருவாக நேரமே கிடைப்பதில்லை. தயாரிப்பாளர்கள் முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கு இவ்வளவு பதறுவதும், விளம்பரத்துக்கு இவ்வளவு செலவழிப்பதும் இதனால்தான். அவர்களின் பதற்றம் நியாயமானது. அதற்கு வாயைக் கட்டுவது மருந்தாகாது. நல்ல சின்னப் படம் இரண்டாவது வாரம் தாண்ட அதே ஊர்ப் பேச்சைத்தான் நம்பியிருக்கிறது.

திட்டமிட்ட ஓட்டை அடையாளம் காண்பது

ஒரு படத்துக்கு 1000 ஓட்டு, சராசரி 7.5. அதை வீழ்த்த ஒரு கூட்டம் 200 பேரைத் திரட்டி 1 போடுகிறது. 7500, அதோடு 200. 1200ஆல் வகுத்தால் 6.42. ஆறில் ஒரு பங்கு ஆட்கள் போதும், "நல்ல படம்" என்ற எண் "சுமார்" ஆகிவிடும். ஏற்றிவிடுவதும் இதே வழியில்தான். ஐஎம்டிபி ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை எத்தனை ஓட்டு என்ற பட்டியலைக் காட்டுகிறது. எண்ணை விட்டுவிட்டு அதைப் பார்க்கவேண்டும்.

- 6, 7, 8இல் மேடு இருந்து இரண்டு பக்கமும் சரிந்தால் இயல்பான ஓட்டு.
- 1இலும் 10இலும் மட்டும் கோபுரம் எழும்பி நடுவில் பள்ளமாக இருந்தால், அங்கே ரசிகர் சண்டை நடக்கிறது. இரண்டு கோபுரத்தையும் கையால் மறைத்துவிட்டு நடுவில் எங்கே மேடு என்று பாருங்கள். பொதுப் பார்வையாளரின் கருத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
- எழுத்து விமர்சனங்களில் ஒரே வாக்கியம் பல பெயர்களில் வருகிறதா, கணக்குத் தொடங்கி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ஓட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.
- காட்சி, பாத்திரம், இடைவேளைக்குப் பிந்தைய திருப்பம் என்று படத்துக்குள்ளிருந்து எதுவுமே சொல்லாத புகழ்ச்சியும் வசையும் படம் பார்க்காமலே எழுதக்கூடியவை.

காசு வாங்கிக்கொண்டு பாராட்டுவது தனி விஷயம். மத்திய அரசின் 2022, 2023ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களின்படி, பணமோ பரிசோ இலவசப் பயணமோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வீடியோ என்றால் விவரிப்பில் ஒளித்து வைத்தால் போதாது. வீடியோவுக்குள்ளேயே, பேசும் அதே மொழியில் வரவேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

"உங்களுக்காக" என்று வருவது

செயலியின் முகப்பில் வரும் பரிந்துரை, தரம் பற்றிய கருத்தே அல்ல. உங்களைப்போல் பார்த்தவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்ற கணக்கு அது. நெட்ஃபிளிக்ஸ் தன் கணிப்பை 10 விழுக்காடு மேம்படுத்துகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் என்று 2006இல் போட்டி அறிவித்து, 2009இல் பரிசைக் கொடுத்தது. 2017இல் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறிக்கு மாறியது. மக்கள் கனமான ஆவணப் படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, இரவில் உட்கார்ந்து பார்த்தது மூன்று நட்சத்திரம் போட்ட நகைச்சுவைப் படங்களை. மதிக்கும் படமும் விரும்பிப் பார்க்கும் படமும் வேறாக இருந்ததால் நட்சத்திரம் கணிப்புக்கு உதவவில்லை. பிறருக்குப் பரிந்துரைக்கும்போது நாமும் இதே தவறைச் செய்கிறோம்: மதிக்கும் புத்தகத்தைச் சொல்கிறோம், நாம் இரண்டாம் முறை எடுத்துப் படித்ததைச் சொல்வதில்லை.

வீட்டில் அம்மா சீரியலும், பிள்ளை கார்ட்டூனும், அண்ணன் கொரியத் தொடரும் ஒரே புரொஃபைலில் பார்த்தால் பரிந்துரை குழம்பத்தான் செய்யும். ஆளுக்கொரு புரொஃபைல் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒரு கணக்குக்கு ஐந்து வரை போடலாம். விருந்தாளிக்காகப் போட்ட படத்தைப் பார்வை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுங்கள். யூடியூபில் வேண்டாத வீடியோவுக்கு "ஆர்வமில்லை" கொடுப்பது, அதைத் தாண்டிப் போவதைவிட வேகமாக வேலை செய்யும்.

பாட்டுக்கும் டிவிக்கும் வரும் எண்கள்

டிவி நிகழ்ச்சிகளுக்கு வரும் டிஆர்பி எண், ஒரு நிகழ்ச்சி பிடித்ததா என்று கேட்பதே இல்லை. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகமான வீடுகளில், டிவி பார்ப்பதை அளக்கும் பார்க் (BARC) அமைப்பு வைத்த கருவிகள், எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிகின்றன. திட்டிக்கொண்டே பார்த்தாலும் கணக்கில் ஏறும். யூடியூபில் பாட்டுக்கு வரும் பார்வைகளில் விளம்பரமாக ஓடியவையும் கலந்திருக்கலாம். முதல் 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் காசு கொடுத்த பார்வைகளைச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் 2019இல் முடிவெடுத்தது அதனால்தான். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. முன்னிசை நீண்ட பாட்டுகள் அருகிப்போனதில் இந்த 30 விநாடிக்கும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

குறை படத்திலா, திரையிலா?

"படம் ஒரே இருட்டு", "வசனமே புரியல" என்று வரும் விமர்சனங்களில் பல, தியேட்டரைப் பற்றியவை. சாதாரண இருபரிமாணத் திரைக்கான தர அளவு 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). புரொஜெக்டரின் ஸெனான் விளக்கு பழசானாலோ, செலவை மிச்சப்படுத்த மாற்றாமல் விட்டாலோ திரை மங்கும்; இரவுக் காட்சிகள்தான் முதலில் அடிபடும். ஒலியும் அப்படியே. படத்தை ஒலிக்கலவை செய்யும்போது தியேட்டர் ஒலிக் கருவியின் அளவு எண்ணை 7இல் வைத்துக் கேட்டுத்தான் முடிக்கிறார்கள். சத்தம் அதிகம் என்று பார்வையாளர்கள் சொல்ல, பல திரைகளில் 5க்குக் கீழேகூட இறக்கிவிடுவார்கள். சண்டைக் காட்சி அப்போதும் கேட்கும். மெல்லிய வசனம் அமுங்கிப்போகும்.

ஆகவே ஒளி, ஒலி பற்றிக் குறை சொல்லும்போது எந்தத் தியேட்டர், எத்தனையாவது திரை, எந்தக் காட்சி என்று சேர்த்துச் சொல்லவேண்டும். அதே படத்தை ஊரின் இன்னொரு திரையில் பார்த்த நண்பரிடம் அந்த ஒரு காட்சியைப் பற்றி விசாரித்தால், ஒளிப்பதிவாளர் மேலா தியேட்டர் மேலா குறை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாம் பரிந்துரைக்கும்போது

"ஒருதடவ பாக்கலாம்" என்பதில் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. கீழே உள்ளவற்றில் மூன்றைச் சொன்னாலே அவர் தனக்கான முடிவை எடுத்துவிடுவார்.

1. கேட்பவர் யாரோடு போகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தணிக்கைச் சான்றைச் சொல்லுங்கள்: இப்போது யு/ஏ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ சான்றுப் படத்துக்குப் பிள்ளையோடு போனால் வாசலிலேயே திரும்பவேண்டியிருக்கும்.
2. நீளத்தையும், எங்கே தொய்கிறது என்பதையும் சொல்லுங்கள். "இடைவேளைக்கு அப்புறம் அரை மணி நேரம் இழுவை, கடைசி இருபது நிமிஷம் மீட்டுருச்சு" என்றால் பயன் உண்டு.
3. உங்கள் சாய்வைச் சொல்லுங்கள். பேய்ப் படமே பிடிக்காதவர் பேய்ப் படத்தைக் குறை சொன்னால், அந்தச் சாய்வு தெரிந்தால்தான் அந்தக் கருத்துக்கு மதிப்பு.
4. கதையில் முதல் அரை மணிக்குள் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். "ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்று சொல்வதும் பாதியைக் கெடுப்பதுதான். கேட்டவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார்.

புத்தகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் விவரம் வேண்டும். பதிப்பகம், பதிப்பு, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர். ஒரே ரஷ்ய நாவலுக்குத் தமிழில் சுருக்கமும் முழுமையும் இரண்டும் கடையில் இருக்கும். வாசகர்கள் நூல்களுக்கு ஓட்டுப் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் தமிழ் நூல்களுக்கு ஓட்டு மிகக் குறைவு. மேலே பார்த்த 12 ஓட்டுக் கதைதான். அதைவிடப் பத்துப் பக்கம் படித்துப் பார்ப்பது நம்பகமான வழி. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது கடையில் நின்றபடி முதல் அத்தியாயத்தையும் நடுவிலிருந்து இரண்டு பக்கத்தையும் புரட்டலாம். முதல் அத்தியாயத்தை எல்லோரும் செதுக்குவார்கள். நடுப் பக்கத்தில்தான் எழுத்தின் உண்மையான நடை தெரியும்.

எல்லை எங்கே?

- விமர்சனத்துக்காகப் படைப்பின் ஒரு பகுதியை நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.
- மக்கள் முன் வைக்கப்பட்ட படைப்பின் தரம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறாகாது என்பது பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இருக்கிறது. நடிகரின் நடிப்பைப் பேசலாம். அவர் குடும்பத்தைப் பற்றிக் கதை கட்டினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.
- தியேட்டரில் கதாநாயகன் அறிமுகக் காட்சியை போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது மதுரையில் சாதாரணமாகிவிட்டது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் திரையைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பாராட்டுவதற்காக எடுத்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. டிக்கெட்டையோ வாசல் போஸ்டரையோ படம் எடுத்துப் போடுங்கள்.
- காசு வாங்கியதை மறைத்த பரிந்துரையால் நட்டப்பட்டதாக நினைத்தால், அந்த வீடியோவின் இணைப்பையும் தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம்.